ஜம்புலிங்கம் வெட்டிய காட்சி

திருத்தணி அரக்கோணம் சாலையில் 'ஜம்பு வீடியோ விஷன்' என்ற பலகை ஏறியது 1991-ஆம் ஆண்டு. அப்போது ஜம்புலிங்கத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முகூர்த்த நாளில் தோளில் கனத்த கேமராவுடன் மலைமேல் ஒரு கல்யாணம், கீழே மண்டபத்தில் இன்னொன்று, மறுபடி மலை என்று ஓடக்கூடிய உடம்பு அவருக்கு இருந்தது. அதைவிடப் பெரிய மூலதனம் ஒன்றும் இருந்தது. பொறாமை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அடுத்த தெரு ஸ்டுடியோக்காரர் புது கேமரா வாங்கிவிட்டால் ஜம்புலிங்கத்துக்குச் சோறு இறங்காது. கொஞ்ச நாளில் அதே கேமராவோ, அதற்கு ஒரு படி மேலானதோ அவர் தோளில் இருக்கும். வேறொருவர் மணமக்களை இதய வடிவத்துக்குள் சுழலவிட்டுக் காட்டினால், இவர் தாமரைக்குள் சுழலவிடுவார். தொண்ணூறுகள் முழுவதும் பொறாமைதான் அவரை உழைக்க வைத்தது, கற்றுக்கொள்ள வைத்தது, ஊரில் முதல் ஆளாகவும் ஆக்கியது. அவர் பொறாமைப்பட்டவர்கள் எல்லாரும் அவரைப் போன்ற ஆண்கள். பகலில் போட்டி போட்டாலும் சாயங்காலம் ஒன்றாக நின்று டீ குடிக்கலாம்.

ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட நேர்ந்தபோதுதான் அது விஷமாயிற்று.

தமயந்தி திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி ஆனந்தனின் மகள். கல்யாணமான இரண்டாம் வருடம் கணவன் லாரி விபத்தில் போய்விட்டான். பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், திருத்தணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து படித்தாள். பிறகு ஜம்புலிங்கத்திடம் வேலைக்கு வந்தாள். டைட்டில் எழுத வந்தவள் ஒரு வருடத்துக்குள் முழு எடிட்டிங்கையும் கையில் எடுத்துக்கொண்டாள். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் வெட்டு, யார் முகம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் தீர்மானம். கடையில் ஒரே ஒரு விதி. கல்யாண வீட்டார் கேசட் வாங்க வரும்போது அவள் உள்ளறைக்குப் போய்விட வேண்டும்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. மங்கள காரியம் பாரு. ஜனங்க ஒரு மாதிரியா பார்ப்பாங்க" என்பார் ஜம்புலிங்கம்.

அவள் விரல்கள் அந்தப் படத்தின் ஒவ்வொரு நொடியையும் தொட்டிருக்கின்றன. அதனால் மணமகளுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் மட்டும் கெடுதல் வந்துவிடும். உழைப்பை வாங்கிக்கொண்டு ஆளை ஒளித்துவைப்பதற்கு இந்த நாட்டில் எத்தனையோ பெயர்கள் உண்டு. சாஸ்திரம் என்பது அவற்றில் பழைய பெயர்.

தமயந்தி இரண்டு வருடம் அந்த உள்ளறையில் இருந்தாள். விடுமுறை நாட்களில் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய் எடிட்டிங் வகுப்பில் படித்தாள். 2003-இல் சாலைக்கு எதிர்ப்பக்கம் சொந்தக் கடை திறந்தாள். பலகையில் கடையின் பெயரே அவள் பெயர்தான்: 'தமயந்தி எடிட்டிங் சென்டர்'. ஜம்புலிங்கத்தின் நாற்காலியிலிருந்து நேராகப் பார்த்தால் அந்தப் பலகைதான் தெரியும்.

"யாரு போவாங்க அவகிட்ட? ஆடி முடியறதுக்குள்ள ஷட்டரை இழுத்துடுவா" என்றார் அவர்.

ஆடி முடிந்தது. ஆவணியில் அவள் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் புரட்சிக்காரர்கள் அல்ல. ஜம்புலிங்கம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் கல்யாண டிவிடியை அவள் பத்தே நாளில் கொடுத்தாள், அவ்வளவுதான். சிலர் வீட்டுப் பெண்களை அழைத்துவராமல் தாங்களே வந்து வாங்கிப் போனார்கள். ஆனாலும் வந்தார்கள்.

பக்கத்துக் கடையில் மெஸ் நடத்தும் நாகேந்திரன், ஜம்புலிங்கத்தின் மனைவியின் தம்பி. வாய் சும்மா இருக்காது.

"இன்னா பாவா, தோசைய பார்க்காம அந்தப் பக்கமே பார்த்துகினு கீறே? ஆறிடப்போவுது."

"அவகிட்ட இருக்கற கம்ப்யூட்டர் மிஷினு வேகம் ரெண்டு புள்ளி நாலுடா. ஆள விட்டு விசாரிச்சிட்டேன். என்னுது மூணு. இந்த வருசம் வாங்கினது. அப்புறம் எப்படிடா அவளுது சீக்கிரம் முடியுது?"

"உன்னுது உன்ன மாதிரியே எதிர்க்கடைய பார்த்துகினு இருக்குதோ இன்னாவோ."

அது உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியாகத்தான் அவருக்கு இருந்தது. எடிட் செய்து முடித்த படத்தை ஒரே கோப்பாக வெளியே எடுப்பதற்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். புதிய மிஷின் வந்த முதல் வாரங்களில் அந்தக் கோடு ஓடியது. பிறகு நடந்தது. பிறகு ஊர்ந்தது. ஜம்புலிங்கம் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். மற்ற புரோகிராம்களை மூடினார். மெமரி கூட்டினார். கேபிளை மாற்றினார். வைரஸ் பார்க்கும் புரோகிராமை நிறுத்திவிட்டு ஓட்டினார். எதிலும் பெரிய மாற்றமில்லை. அந்த இடத்தில் அவர் நின்று யோசித்திருக்க வேண்டும். அவர் சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்.

"கண்ணுடா. அவ கண்ணு" என்றார் நாகேந்திரனிடம்.

நகரியிலிருந்து ஒரு வாஸ்துக்காரர் வந்தார். மின்சாரம் என்றால் அக்னி, அக்னி இருக்க வேண்டியது தென்கிழக்கு மூலை என்று சொன்னார். கம்ப்யூட்டர் மேசை அந்த மூலைக்கு நகர்ந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் நாகேந்திரனின் மெஸ் அடுப்பு விடியற்காலையிலிருந்து எரிந்துகொண்டிருக்கும். அக்னிக்கு அக்னி துணை என்று வாஸ்துக்காரர் சந்தோஷப்பட்டார். பச்சைக் கோடு இன்னும் மெதுவாயிற்று.

மறுபடி அவரையே அழைத்தார்கள். இந்த முறை ஒரு செப்புத் தகடு கொண்டுவந்தார். கட்டமும் எழுத்துமாகக் கீறிய தகடு, உள்ளங்கையைவிடப் பெரியது. மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பக்கவாட்டில் சல்லடைபோல் ஓட்டைகள் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"திருஷ்டி உள்ள போற வாசல் இதுதான். இங்க அடிங்க."

ஜம்புலிங்கம் தம் கையாலேயே நான்கு ஸ்குரூ முடுக்கினார். சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கோடு இன்னும் மெதுவாயிற்று. அவள் கண் அவ்வளவு பலம் என்று முடிவு செய்து, மேலே ஒரு கதம்ப மாலையும் சாத்தினார். பாதுகாப்புக் கூடக் கூட மிஷின் தளர்ந்தது. மிஷின் தளரத் தளர அவர் பாதுகாப்பைக் கூட்டினார். நோயையே மருந்தென்று தின்றுகொண்டிருந்த மனிதர் அவர்.

2005 ஆவணியில் கனகம்மாசத்திரம் கௌரியம்மாளின் மகள் கவிப்பிரியாவுக்கு மலைமேல் கல்யாணம். கௌரியம்மாள் கணவனை இழந்து பல வருடம் ஆயிற்று. நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டு மகளைப் படிக்கவைத்தவர். கவிப்பிரியாவும் தமயந்தியும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்த சிநேகிதிகள். ஆனாலும் வீடியோ ஏற்பாட்டைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு கடையா? கல்யாணத்துக்கா? வேற வேலையப் பாருங்க அண்ணி" என்று சொல்லி, ஜம்புலிங்கத்திடம் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை ஸ்ரீதருக்கு அமெரிக்காவில் வேலை. அங்கே நண்பர்களுக்குப் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"டிவிடி வேணாங்க, அதுல படத்தை அமுக்கி சின்னதாக்கிடுவீங்க. முழு குவாலிட்டியில ஒரே ஃபைலா இதுல போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை ஃபிளைட்."

"ஆங், புதன்கிழமையே ரெடி" என்றார் ஜம்புலிங்கம்.

சொந்த மிஷினில் பழைய கல்யாணங்கள் நிரம்பி இடமில்லை. அதனால் நேராக மாப்பிள்ளையின் டிஸ்க்கிலேயே இறங்கும்படி எக்ஸ்போர்ட்டை ஆரம்பித்தார். கோடு கால்வாசி போய் நின்றது. எழுத முடியவில்லை என்று ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. டிஸ்க்கில் தாராளமாக இடம் இருந்தது. மறுபடி ஓட்டினார். பாதி நாள் காத்திருந்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. எந்தக் காட்சி என்று பார்த்தார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

தாலி கட்டும் நேரம். சித்தப்பாவும் சித்தியும் மணவறையில் பெற்றோர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முன்னால் வந்து மறைத்துவிட, ஜம்புலிங்கம் எரிச்சலோடு கேமராவைச் சுழற்றியிருக்கிறார். அந்தச் சுழற்சியில் சில நொடிகள் ஒரு தூண் வருகிறது. தூணோரம் கௌரியம்மாள். மணவறைப் பக்கம் வரக்கூடாத பெற்ற தாய், ஆட்களின் தலைகளுக்கு மேலே எக்கி நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கிறாள். விழுந்துவிடாமல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் தமயந்தி.

நல்ல காட்சி என்று தெரிந்துதான் எடிட்டிங்கில் அதை அவர் விட்டுவைத்திருந்தார். இப்போது அவர் கண்ணுக்குத் தமயந்தி மட்டும்தான் தெரிந்தாள். கேமராவை நேராகப் பார்க்கக்கூட இல்லை அவள். ஆனால் ஃபைல் நிற்பது அவள் முகத்தில்.

"பார்த்தியாடா? இருந்த சந்தேகமும் தீர்ந்துச்சி" என்று நாகேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் காட்சியை முழுதாக வெட்டி எறிந்தார்.

மறுபடி எக்ஸ்போர்ட். கோடு ஊர்ந்தது, கால்வாசியில் நின்றது. இப்போது திரையில் ஒரு குழந்தை ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தது.

"குழந்தை கண்ணும் பொல்லாத கண்ணா பாவா?" என்றான் நாகேந்திரன்.

ஜம்புலிங்கம் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். தமயந்தி வேறெங்காவது தெரிகிறாளா என்று படம் முழுக்கத் தேடினார். பந்தியில் ஒரு முதுகு, படியில் ஒரு புடவைத் தலைப்பு. எல்லாவற்றையும் வெட்டினார். நின்ற இடத்தில் இந்த முறை மேளக்காரர் வந்தார். பொறாமைக்காரனுக்கு அறிவு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறிவுக்கு ஒரே ஒரு சாலைதான் தெரியும், அது எதிர்க்கடையில் போய் முடியும்.

வியாழக்கிழமை காலை கௌரியம்மாள் கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மகளும் மருமகனும் சென்னையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆச்சா தம்பி?"

"ஆயிகினே இருக்குதும்மா. உக்காருங்க. அதுவரைக்கும் படத்தைப் பாருங்க."

படத்தைத் திரையில் ஓடவிட்டார். கௌரியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மாலை மாற்றினார்கள். தாரை வார்த்தார்கள். தாலி ஏறியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள். படம் பந்திக்குப் போனது. கௌரியம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"நான் எங்கப்பா?"

ஜம்புலிங்கம் மவுஸைத் தேய்த்தார்.

"மணவறையாண்டதான் வர வுடல. சரி, அது ஊரு வழக்கம்னு ஒதுங்கிட்டேன். அந்தத் தூணாண்ட நின்னுகினு இருந்தேன். நீ இந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினே, நான் பார்த்தேனே?"

"வந்துதும்மா. வெட்ட வேண்டியதாப் போச்சி. உங்க பக்கத்துல அந்த தமயந்தி நின்னா. கரெக்டா அந்த இடத்துல ஃபைலு நிக்குது. தாலியறுத்தவ பார்வைம்மா, நல்ல காரியத்துல..."

சொல்லி முடிப்பதற்குள் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மெஸ் வாசலில் நின்ற நாகேந்திரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கௌரியம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"நானுந்தாம்பா அறுத்தவ. என் பார்வை எதுல பட்டுது, எது நின்னு போச்சி, அதையும் சொல்லு. பெத்து வளர்த்து எம்.சி.ஏ. படிக்க வெச்சது இந்தப் பார்வைதான்."

"ஐயோ, உங்கள சொல்லலம்மா..."

"என்னதான் சொன்னே. என் பொண்ணு அந்த ஊர்ல போய் இதைப் போட்டுப் பார்ப்பா. அவங்கம்மா கல்யாணத்துக்கே வரலன்னு இருக்கும். எனக்கு நான் வேணும்பா இதுல. நாளைக்கு அவ போறதுக்குள்ள வேணும்."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து போனார். திரும்பி வரும்போது தமயந்தியின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்தார். கடைக்குள் அப்போது டிவிடி வாங்க வந்த ஒரு கல்யாண வீட்டாரும் நின்றிருந்தார்கள். தமயந்தி முன்வாசல் வழியாக அவர்களைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"இன்னாணா பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல. நாங்களே பார்த்துக்குவோம்."

"பார்த்துக்கினுதான இருக்கீங்க, வாரம் பூரா. எங்க நிக்குது?"

"உன் மூஞ்சிலதான்."

"அதை வெட்டினப்புறம்?"

மெஸ்ஸுக்குள்ளிருந்து நாகேந்திரன் குரல் வந்தது: "ஜாங்கிரில! அப்பால மேளக்காரர்ல!"

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, டிஸ்க்கில் பாதியில் நின்றுபோன கோப்புகளைத் திறந்து வரிசையாகக் காட்டினாள்.

"அளவைப் பாருங்கணா. எல்லாம் ஒரே அளவு. நீங்க எதை வெட்டினாலும் காட்சிதான் மாறுது, நிக்கற அளவு மாறல. அப்ப கோளாறு படத்துல இல்ல, படத்தை வாங்கற டிஸ்க்குல இருக்குது. இது பழைய முறையில ஃபார்மட் பண்ணது. ஒரு ஃபைலு நாலு ஜி.பி.க்கு மேல போனா இதால வாங்க முடியாது. எவ்ளோ எடம் காலியா இருந்தாலும் வாங்காது. நீங்க டிவிடிக்குப் போடறதெல்லாம் சின்ன சின்னதா உடைஞ்சி போவுது, அதனால இத்தினி நாளா தெரியல."

"அப்படின்னா?"

"இதுல இருக்கற மாப்பிள்ளை போட்டோவெல்லாம் என் மிஷின்ல எறக்கி வெச்சிட்டு, டிஸ்க்கைப் புது முறையில ஃபார்மட் பண்ணி எடுத்தாறேன். அதுக்குள்ள நீங்க..." என்றவள் மிஷினின் பக்கவாட்டில் கை வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டாள். "இது இன்னாணா, தோசைக்கல்லா?"

"அது பூஜை பண்ணது. அதைத் தொடாத."

"நான் தொடல. நீங்களே கழட்டுங்க. அது காத்து உள்ள போற ஓட்டை. மிஷினு ரொம்ப சூடானா எரிஞ்சி போவாம இருக்கத் தானே வேகத்தைக் கொறைச்சிக்கும். அதுவும் பின்னாடி அடுப்பு எரியற சுவரு. உங்களுது என்னுதைவிட நல்ல மிஷினுணா. மூச்சு விட விடலையே அதை."

உங்களுது என்னுதைவிட நல்லது. இரண்டு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. இந்த இடத்தில், இந்த நிலையில் அதைக் கேட்டபோது அவர் முகம் கறுத்தது.

"கழட்டு தம்பி" என்றார் கௌரியம்மாள்.

ஜம்புலிங்கம் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மூன்று ஸ்குரூ வந்தன. நான்காவதைக் கழற்றும்போது தகடு விரலைச் சுட்டது. கதம்ப மாலையின் காய்ந்த பூக்கள் விசிறியில் சிக்கியிருந்தன. ஊதி எடுத்தார். மேசையை அடுப்புச் சுவரிலிருந்து வாசல் பக்கம் இழுத்துப் போட்டார். டிவிடி வாங்க வந்தவர்கள் தங்கள் டிவிடியைக்கூடக் கேட்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி டிஸ்க்கோடு போயிருந்த நேரத்தில், வெட்டி எறிந்த காட்சியை அவர் மறுபடி அதன் இடத்தில் வைத்தார். கௌரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்ளோ சீக்கிரம் போயிடுதே."

"அவ்ளோதாம்மா எடுத்திருக்கேன்."

"கொஞ்சம் நிக்க வெக்க முடியாதா?"

ஜம்புலிங்கம் அந்தச் சில நொடிகளை இழுத்து மெதுவாக்கினார். எக்கி நிற்கும் குதிகால் மெல்ல உயர்ந்தது. கை மெல்ல வாய்க்குப் போனது. தமயந்தியின் விரல்கள் முழங்கையில் இறுகின. அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

தமயந்தி டிஸ்க்கோடு திரும்பி வந்தாள். எக்ஸ்போர்ட்டை ஆரம்பித்தார்கள். முதல் வாரங்களில் ஓடியதுபோல் பச்சைக் கோடு ஓடியது. கால்வாசியைத் தொட்டது. கோடு நிற்காமல் தாண்டிப் போயிற்று. நாகேந்திரன் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தான். "பாவா, இனிமே உன் மிஷின்ல என் இட்லி வேகாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோடு முடிந்தது. கௌரியம்மாள் டிஸ்க்கை முந்தானையில் சுற்றிக்கொண்டார். மகளுக்கு செல்ஃபோன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"நீ வரியாம்மா அதுல?"

"வரேன்டி. தூணாண்ட. எக்கி எக்கிப் பார்த்துகினு நிக்கறேன். தமயந்தி என் கையப் புடிச்சிகினு கீது. எவ்ளோ நேரம் வரேன் தெரியுமா?"

"தமயந்தியா? அவதான் சேர்த்தாளா? அவகிட்ட குடும்மா!"

ஃபோன் தமயந்தியின் கைக்குப் போனது. அவள் பேசினாள், சிரித்தாள், "போய் லெட்டர் போடு, மெயிலு வேணாம்" என்றாள். ஜம்புலிங்கம் தம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை எடுத்தவர் அவர். தோளில் கேமரா தூக்கிய இத்தனை வருடத்தில் அதைப்போல் ஒன்று அவர் எடுத்ததில்லை. அது அவருக்குத் தெரியும். யாராவது ஒருவர் அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் மனம் எரிந்தது. தானே சொல்லலாம். வாயைத் திறந்தால், வெட்டியவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தமயந்தி நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் எழுந்து போய் அவளுக்கு முன்னறையிலேயே ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். போடும்போது, சத்தம் வரும்படிதான் போட்டார்.